சோப்புக் காசில் நடக்கும் ஆய்வும் நமது ஃபெல்லோஷிப் கோரிக்கையும்



முனைவர் பட்ட ஆய்வை முடிக்கப்போகும் நம் மாணவர்கள் ஆண்டுதோறும் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிரிட்டனில் லீவர்ஹியூம் அறக்கட்டளை என்று ஒன்று இளம் ஆய்வாளர்களுக்குப் பணம் தருகிறதாமே, அதை எப்படி வாங்குவது? அந்தப் பணத்தை வாங்கலாமா?" முதல் பாதிக்கு இணையத்தில் பதில் கிடைத்துவிடும். இரண்டாம் பாதிக்கு நாம்தான் உட்கார்ந்து பேசி பதில் தேட வேண்டும். ஏனென்றால் அந்தக் கேள்வி ஓர் அறக்கட்டளையோடு முடியாது. படிப்புக்கும் ஆய்வுக்கும் கிடைக்கும் பணத்தை நாம் கொடையாகப் பார்க்கப்போகிறோமா, உரிமையாகப் பார்க்கப்போகிறோமா என்பது வரை அது போகும்.

முதலில் அந்த அறக்கட்டளை என்ன செய்கிறது என்று பார்ப்போம். சன்லைட் சோப்பை உலகெங்கும் விற்றுப் பெரும் செல்வந்தர் ஆன வில்லியம் லீவர், பிற்காலத்தில் லீவர்ஹியூம் பிரபு என்று பட்டம் பெற்றவர், 1925இல் இறந்தார். தன் நிறுவனப் பங்குகளில் ஒரு பகுதியை உயில் மூலம் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். 1930இல் அவருடைய நிறுவனம் டச்சுக்காரர்களின் மார்ஜரின் நிறுவனத்தோடு இணைந்து யூனிலீவர் ஆனது. பங்குகளும் யூனிலீவர் பங்குகளாயின. இன்றும் அந்த அறக்கட்டளையின் சொத்தில் யூனிலீவர் பங்குகளுக்கு முக்கிய இடம் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி பவுன், நம் கணக்கில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல், பல்கலைக்கழக ஆய்வுகளுக்குத் தருகிறார்கள்.

இதில் இளம் ஆய்வாளர்களுக்கான நல்கைதான் நம் மாணவர்கள் கேட்பது. முனைவர் பட்டம் முடித்து சில ஆண்டுகளே ஆன, நிரந்தர வேலை இன்னும் கிடைக்காத ஒருவருக்கு மூன்று ஆண்டு சம்பளம் கிடைக்கும். பாதியை அறக்கட்டளை தரும், மறு பாதியைப் பல்கலைக்கழகம் தர வேண்டும். இயற்பியலா, இலக்கியமா, வரலாறா என்ற பாகுபாடு கிடையாது. தலைப்பை ஆய்வாளரே தேர்ந்தெடுக்கலாம்.

இதில் உள்ள நல்லதை நல்லது என்றே சொல்ல வேண்டும். பட்டம் வாங்கியதற்கும் வேலை கிடைப்பதற்கும் இடையிலுள்ள ஆண்டுகளில்தான் ஏழை வீட்டு ஆய்வாளர்கள் உதிர்ந்து போகிறார்கள். வீட்டில் வசதி இருப்பவர் இரண்டு மூன்று ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் எழுதலாம், காத்திருக்கலாம். நம் பிள்ளைக்கு அது முடியாது. வட்டிக்கு வாங்கிய கடன் நிற்கும், தங்கை கல்யாணம் நிற்கும், கிடைத்த வேலைக்குப் போயாக வேண்டும். அந்த இடைவெளியைக் கண்டுகொண்டு அதற்கென்றே மூன்று ஆண்டுகள் ஒதுக்குவது சரியான ஏற்பாடு. நம் அரசுகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

சோப்புக்குப் பாமாயில் வேண்டும். அதற்காக லீவர் 1911இல் பெல்ஜியம் ஆண்ட காங்கோவில் ஒப்பந்தம் போட்டார். ஐந்து வட்டங்கள், ஒவ்வொன்றும் 60 கிலோமீட்டர் ஆரம். அவற்றுக்குள் ஏழரை லட்சம் ஹெக்டேர் வரை எடுத்துக்கொள்ளும் உரிமை. ஊர் ஒன்றுக்குத் தன் பெயரையே வைத்து லீவர்வில் என்று அழைத்தார். உயரமான பனையில் ஏறிக் குலை வெட்டும் வேலைக்கு ஆட்கள் தாமாக வரவில்லை. காலனி அரசு வரி போட்டு, அதிகாரிகளையும் ஊர்த் தலைவர்களையும் ஏவி ஆள் பிடித்துத் தந்தது. பெல்ஜியத்தின் முன்னாள் தூதரக அதிகாரி ஜூல் மார்ஷல், தன் நாட்டு அரசின் ஆவணங்களையே எடுத்துப் படித்து, அங்கே நடந்தது கட்டாய உழைப்பு என்று ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார்.

1931இல் பெண்டே மக்கள் கிளர்ந்தார்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் பனங்குலைக்குக் கொடுத்த விலை சரிந்திருந்தது, வரி மட்டும் குறையவில்லை. காலனிப் படை அந்தக் கிளர்ச்சியை அடக்கியபோது குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டார்கள். 1933இல் லீவர்ஹியூம் அறக்கட்டளை தன் முதல் ஆய்வு நல்கைகளை வழங்கியது. இரண்டுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். ஒரு கண்டத்தில் பனை ஏற மறுத்தவன் சாகிறான், இன்னொரு கண்டத்தில் அந்தப் பனையின் லாபத்தில் ஒருவர் புத்தகம் எழுதுகிறார். இருவரும் ஒருவரையொருவர் கடைசிவரை அறியமாட்டார்கள்.

இந்தக் கதையில் நம் ஊரும் உண்டு. யூனிலீவரின் இந்தியக் கிளையான இந்துஸ்தான் லீவர் நடத்திவந்த கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை நம் மாணவர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஆலையைப் பிரித்து 1980களில் மலை மேல் கொண்டுவந்து வைத்தது வேறு நிறுவனம். பிறகு அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது ஆலையும் கை மாறியது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை ஊர் மக்களும் சூழலியலாளர்களும் வெளிக்கொண்டுவந்த பிறகு, 2001இல் ஆலை மூடப்பட்டது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2016இல், 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அந்தத் தொகையை இழப்பீடு என்று அது சொல்லவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தரும் கருணைத் தொகை என்றே சொன்னது.

அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கும்போதும் கருணை என்ற பெயரில்தான் கொடுக்கிறார்கள். இழப்பீடு என்றால் தவறு நடந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். கருணைக்கு அதெல்லாம் வேண்டாம். வாங்குகிறவர் கும்பிட்டுவிட்டுப் போனால் போதும்.

இது லீவர் காலத்திலேயே இருந்த வழக்கம். தன் தொழிலாளர்களுக்காக அவர் கட்டிய போர்ட் சன்லைட் என்ற அழகான குடியிருப்பை இன்றும் சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கிறார்கள். வீடு, தோட்டம், பள்ளி, கலைக்கூடம் எல்லாம் உண்டு. லாபத்தில் பங்கைக் கையில் கொடுத்தால் நீங்கள் குடித்தும் தின்றும் தீர்த்துவிடுவீர்கள், என்னிடமே விட்டுவிடுங்கள், உங்களுக்கு நல்லது எது என்று பார்த்து நானே செய்கிறேன் என்பது அவருடைய நிலை. நம் தாத்தாக்கள் இதே பேச்சைப் பண்ணையாரிடம் கேட்டிருக்கிறார்கள். "கூலியைக் காசாகக் கொடுத்தால் கள்ளுக்கடைக்குப் போய்விடும், நெல்லாக அளக்கிறேன், பொங்கலுக்குத் துணி எடுத்துத் தருகிறேன்." உழைத்தவனுக்குச் சேர வேண்டிய பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று உழைக்காதவன் முடிவு செய்கிறான். கொடை என்ற ஏற்பாட்டின் அடிப்படை இதுதான்.

அப்படியானால் இந்தப் பணத்தை வாங்கக் கூடாதா?

வாங்கலாம் என்பதே எங்கள் பதில். இதில் நமக்கு முன்னோடி வேறு யாருமில்லை, பாபாசாகேப் அம்பேத்கரேதான். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில்தான் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. மன்னர்களின் கருவூலமும் குடியானவனின் வரியில் நிறைந்ததுதான். அண்ணல் அதை வாங்கினார், படித்தார், அந்தப் படிப்பை யாருக்காகப் பயன்படுத்தினார் என்பது உலகத்துக்கே தெரியும்.

ஆனால் அந்தக் கொடை எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1916இல் அவர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலைக்குப் போனார். கொலம்பியாவில் படித்தவருக்கு அந்த ஊரில் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கியிருந்தவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். உதவித்தொகை கொடுத்த மன்னரால் ஒரு வீடு கொடுக்க முடியவில்லை. பிறகு பம்பாயில் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணத்தோடும், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியோடும், நண்பரிடம் வாங்கிய கடனோடும் 1920இல்தான் மீண்டும் லண்டன் போக முடிந்தது. விட்ட ஆய்வை முடித்துப் பட்டம் பெற்றது 1923இல்.

கொடையை நம்பிப் படித்தவருக்குக் கொடை எவ்வளவு தூரம் வரும் என்று தெரிந்திருந்தது. அதனால்தான் அதிகாரத்தில் ஓர் இடம் கிடைத்ததும் அவர் வேறு வழியில் போனார். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது பட்டியல் சாதி மாணவர்களுக்கு அரசுப் பணத்தில் உதவித்தொகை கேட்டு வாங்கினார். 1944இல் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் அந்தத் திட்டத்தில் கல்லூரி முடித்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மன்னர் ஒருவரைப் படிக்கவைத்தார். அந்த ஒருவர் கேட்டு வாங்கிய திட்டம் கோடிக்கணக்கானவர்களைப் படிக்கவைத்தது.

ஆகவே அறக்கட்டளைப் பணத்தை வாங்கும்போது கூச்சமும் வேண்டாம், நன்றிக்கடனும் வேண்டாம். காங்கோவின் பனையில் ஏறியவனும் கொடைக்கானலில் பாதரசத்தைக் கையாண்டவனும் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு துளி அது. "வாங்கிக்கொண்டே குறை சொல்வது நியாயமா?" என்று கேட்பார்கள். இடஒதுக்கீட்டில் வந்தவனிடம் எழுபது ஆண்டுகளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியாயம்தான் என்று சொல்லுங்கள். அந்தப் பணத்தின் வரலாற்றை எழுதுவதும் ஆய்வுதான்.

ஆனால் அந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். இளம் ஆய்வாளர் நல்கைக்கு பிரிட்டனில் பட்டம் பெற்றிருக்க வேண்டும், அல்லது அங்கே கல்விப்பணியில் இருக்க வேண்டும். சம்பளத்தில் பாதியைத் தர ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் எளிதாக ஒப்புக்கொள்ளும்? ஏற்கெனவே பணக்காரப் பல்கலைக்கழகம். யாருக்காக? ஏற்கெனவே அங்கே பேராசிரியர்களைத் தெரிந்தவருக்காக. விதியில் நிறமும் இல்லை, சாதியும் இல்லை. ஆனால் வாசலுக்கு வந்து சேரும் வழி முழுக்க அவை நிற்கின்றன.

அங்குள்ள கறுப்பின மாணவர்கள் இதை எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். 2019இல் 'லீடிங் ரூட்ஸ்' என்ற அமைப்பு, அறக்கட்டளை அல்லாத, பிரிட்டன் அரசின் ஆய்வுக் குழுக்கள் தந்த முனைவர் பட்ட நல்கைகளை எடுத்துக் கணக்குப் பார்த்தது. மூன்று ஆண்டுகளில் கொடுக்கப்பட்டவை 19,868. அவற்றில் கறுப்பின, கறுப்புக் கலப்பின மாணவர்களுக்குப் போனவை 245, அதாவது 1.2 சதவீதம். முனைவர் பட்டத்துக்கே வர முடியாதவர் அதற்கடுத்த நல்கைக்கு எப்படி விண்ணப்பிப்பார்? இந்தக் கணக்கு வெளியானபோது அங்கே பெரிய விவாதம் எழுந்தது. எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி வெளியிட்டதுதான் அந்த மாணவர்கள் செய்த முதல் போராட்டம். இந்தியாவின் ஒவ்வொரு ஐஐடியிலும் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் நாமும் தகவல் உரிமைச் சட்டத்தை வைத்து அதைச் செய்ய வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒன்றிய அரசு 1954-55இலேயே தேசிய அயலக உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று ஆண்டுக்கு மொத்தம் 125 இடங்கள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு 125. அதிலும் 2022இல் புதிய விதி ஒன்றைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது. சாதியைப் பற்றி ஆராய வெளிநாடு போகாதே என்று இதற்குப் பொருள். 2025இல் தேர்வானவர்கள் 106 பேர். நிதி இருப்பைப் பொறுத்துத்தான் மற்றவர்களுக்கு என்று சொல்லி முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க, மற்ற 66 பேரும் காத்திருக்க வைக்கப்பட்டார்கள். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப்பை 2022 டிசம்பரில் ஒரேயடியாக நிறுத்தினார்கள்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். காங்கோவின் ரத்தம் படிந்த பணத்தை வைத்திருக்கும் அறக்கட்டளை, தலைப்பை நீயே தேர்ந்தெடு என்கிறது. அரசியல் சட்டத்தின் பெயரால் நடக்கும் அரசு, இந்தத் தலைப்பைத் தொடாதே என்கிறது. இதைக் காட்டிச் சிலர், அரசை விடக் கொடையாளரே மேல் என்று முடிவுக்கு வருவார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. அறக்கட்டளை நாளைக்கே விதியை மாற்றினால் அதை யாரிடம் போய்க் கேட்பது? அரசின் விதியை எதிர்த்து நாடாளுமன்றத்தில் கேட்கலாம், நீதிமன்றம் போகலாம், தெருவில் இறங்கலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். கேள்வி கேட்க முடிகிற இடத்தில்தான் உரிமை இருக்கிறது.

அந்த இடத்தைத்தான் இப்போது சுருக்கப் பார்க்கிறார்கள். 2023இல் அனுசந்தான் தேசிய ஆய்வு நிதியத்துக்குச் சட்டம் இயற்றினார்கள். ஐந்து ஆண்டுகளில் 50 ஆயிரம் கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் அரசு தருவதாகச் சொன்னது 14 ஆயிரம் கோடி. மீதி 36 ஆயிரம் கோடி தொழில் நிறுவனங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், கொடையாளர்கள் போன்றோரிடமிருந்து வர வேண்டும். நாளை இந்தியாவில் என்ன ஆராயலாம் என்பதில் கம்பெனிகளுக்கும் கொடையாளர்களுக்கும் பெரிய இடம் கிடைக்கப்போகிறது. கம்பெனி தன் பணத்தில் தரும் நல்கையில் இடஒதுக்கீடு கட்டாயமில்லை. மலக்குழி மரணங்களைப் பற்றி ஆராய எந்தக் கம்பெனி பணம் தரும்? பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று ஆராய எந்த அறக்கட்டளை முன்வரும்?

பணம் நின்றால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வேமுலாவை இழந்தோம். கடைசிக் கடிதத்தில் அவர் எழுதியவற்றில் ஒன்று, தனக்கு வர வேண்டிய ஏழு மாத ஃபெல்லோஷிப் பாக்கி. ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய். அதை வாங்கித் தன் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்னார். அது யாரும் போட்ட பிச்சை அல்ல. அவர் செய்த ஆய்வுக்குச் சேர வேண்டிய பணம்.

முனைவர் பட்டம் முடித்தவர்களின் நிலை என்ன? தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25 ஆயிரம் ரூபாய், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே 50 ஆயிரம் வரை தரலாம் என்று வழிகாட்டியது. பெயரில் மட்டும் கௌரவம் இருக்கிறது. அயலகத்தில் படிக்க ஆதிதிராவிடர் மாணவருக்கு ஆண்டுக்கு 36 லட்சம் வரை தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்ததை வரவேற்கிறோம். படித்துவிட்டு ஊர் திரும்பும் அதே மாணவர் 25 ஆயிரத்துக்கு வகுப்பெடுக்க வேண்டும் என்றால் அந்தத் திட்டம் பாதியில் நிற்கிறது என்றுதான் சொல்வோம்.

ஆகவே நம் கோரிக்கைகளை இப்படி வைப்போம். முனைவர் பட்டம் முடித்த பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளருக்கு மூன்று ஆண்டு முழுச் சம்பள நல்கையை மாநில அரசே தர வேண்டும். தலைப்பை ஆய்வாளரே தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் ஒவ்வொரு மாதமும் வர வேண்டும், தாமதமானால் வட்டியோடு வர வேண்டும். அயலக உதவித்தொகையில் 2022இல் சேர்த்த தடையை ஒன்றிய அரசு நீக்க வேண்டும், இடங்களை உயர்த்த வேண்டும். அரசு நிதியத்துக்குள் வரும் தனியார் பணத்துக்கும் இடஒதுக்கீடு பொருந்த வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கை சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லீவர்ஹியூமுக்குத் தகுதி இருந்தால் விண்ணப்பியுங்கள். கிடைத்தால் போய் மூன்று ஆண்டும் நன்றாக எழுதுங்கள். நன்றியுரைப் பக்கத்தில் அறக்கட்டளையின் பெயரைப் போடும்போது பெண்டே மக்களின் பெயரையும் போடுங்கள். திரும்பி வந்த பிறகு, அடுத்து வரும் பிள்ளை யாருடைய கருணைக்கும் காத்திருக்காமல் அந்த மூன்று ஆண்டுகளைப் பெறுவதற்கான போராட்டத்தில் எங்களோடு நில்லுங்கள்.

ஜெய்பீம்.